போக்கு வேறு, கடுப்பு வேறு: பெருங்குடல் தொற்று பற்றி ஒரு மருந்துக்கடைக்காரர்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊரை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுகள் கரை திரும்பும் நாட்களில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அப்படி ஒரு நாள் முதல் ஆளாக நின்றது எனக்குப் பழக்கமான ஓர் அக்கா.

"தம்பி, உங்க அண்ணனுக்கு ராத்திரியிலேர்ந்து வயித்தால போகுது. நிக்கிற மாதிரி நாலு மாத்திரை குடு. மீன் பிரிக்கணும், ஏலத்துக்கு நிக்கணும், நேரமில்ல."

"தண்ணியாப் போகுதாக்கா, இல்ல சீதமும் ரத்தமுமாப் போகுதா?"

"காலங்காத்தால என்ன கேள்வி கேக்குற நீ" என்று அக்கா முகத்தைச் சுளித்தார். ஆனால் எனக்கு வேறு வழியில்லை. அந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் மாத்திரையா, ஆஸ்பத்திரியா, வெறும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரா என்பது முடிவாகும்.

எங்கள் பக்கத்தில் வயிறு சரியில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே மாத்திரை. காரணம் கேட்டால் 'உடம்பு சூடு', 'நேத்து சாப்பிட்ட நண்டு', 'தண்ணி மாறிப்போச்சு' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெருங்குடலில் பாக்டீரியா தொற்றினால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குணப்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு மருந்தின் அளவும் வேறு, அவசரமும் வேறு.

கடைமடைக் கண்மாய்

வைகைத் தண்ணீரில் ராமநாதபுரத்துக்காரன் கடைசி ஆள். மேலே எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்தால்தான் பெரிய கண்மாய் நிரம்பும். பெருங்குடலும் அப்படித்தான், குடலின் கடைமடை.

ஒரு நாளில் நாம் குடிப்பது, சாப்பிடுவது, எச்சில், பித்தம், இரைப்பைச் சாறு என்று எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிஞ்சிய ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் பெருங்குடலுக்கு வரும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அதையும் உறிஞ்சிக்கொண்டு, நூறு இருநூறு மில்லி ஈரத்தோடு மலத்தை வெளியே அனுப்புகிறது. சிறுகுடலின் முக்கிய வேலை சத்தை எடுப்பது. பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரை மிச்சப்படுத்துவது.

பெருங்குடலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அது வீடு. பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில்தான். அவை நமக்கு வேண்டியவை. கெட்ட பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதே அவை செய்யும் பெரிய உபகாரம். படகுத்துறை முழுக்க ஊர்ப் படகுகள் கட்டிக் கிடந்தால் வெளிப் படகு எங்கே வந்து கட்டும்? இந்த உவமையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளமா, கரை உடைப்பா

மேல்மடையில் வெள்ளம் வந்தால் கடைமடைக் கண்மாய் என்ன செய்யும்? தன்னால் பிடிக்க முடிந்தது போக மிச்சத்தை அப்படியே வழிய விடும். காலரா இந்த வகை. காலராக் கிருமி சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை வெளியிடும். அந்த நச்சு குடல் செல்களின் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நீரைக் கொட்ட வைக்கும். கஞ்சித் தண்ணீர் போல லிட்டர் லிட்டராகப் போகும். ரத்தம் இருக்காது, பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, வலியும் பெரிதாக இராது. ஆபத்து முழுக்க நீரிழப்பில்தான்.

கண்மாயின் கரையே உடைந்தால்? அதுதான் பெருங்குடல் தொற்று. கிருமி பெருங்குடலின் உட்சுவருக்குள் புகுந்து செல்களைக் கொல்கிறது. சுவர் வீங்கிப் புண்ணாகிறது. புண்ணிலிருந்து ரத்தம் வரும். குடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் வழவழப்பான கோழைதான் சீதம், அதுவும் வரும். வெளியே போகும் அளவு கொஞ்சம்தான், ஒரு தடவைக்கு ஒரு கரண்டிகூட இராது. ஆனால் இருபது தடவை போக வேண்டியிருக்கும். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும். மலக்குடல் வீங்கியிருப்பதால், உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் நிறைந்திருப்பதாக மூளைக்குச் செய்தி போகிறது.

இந்த உணர்வுக்கு நம் ஆட்கள் எப்போதோ சரியான பெயர் வைத்துவிட்டார்கள்: கடுப்பு. போக்கு என்றால் வெள்ளம், கடுப்பு என்றால் கரை உடைப்பு. பாட்டிமார் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே மாட்டார்கள். நாம்தான் இரண்டையும் சேர்த்து 'லூஸ் மோஷன்' ஆக்கிவிட்டோம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அளவு அதிகம், தண்ணீராக, ரத்தமில்லாமல் போனால் பெரும்பாலும் சிறுகுடல். அளவு குறைவு, அடிக்கடி, சீதமும் ரத்தமும், கடுப்பு, காய்ச்சல் என்றால் பெரும்பாலும் பெருங்குடல். இரண்டும் கலந்து வரும் நோயாளிகளும் உண்டு. கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்றாலும் தொடங்குவதற்கு இது போதும். ஒரே விதிவிலக்கு: மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அது வேறு விஷயம். இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

கரையை உடைப்பவர்கள்

முதல் ஆள் ஷிகெல்லா. 1897ல் ஜப்பானில் ரத்தபேதி பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது கியோஷி ஷிகா என்ற இளம் மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கிருமியைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பல குடல் கிருமிகள் நோய் உண்டாக்க ஆயிரம், லட்சம் என்று படையாக வர வேண்டும், ஏனென்றால் இரைப்பை அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஷிகெல்லா அமிலத்தைத் தாங்கும். பத்திலிருந்து நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரும். நூறு கிருமி என்பது நகக்கண்ணில் கண்ணுக்கே தெரியாத அழுக்கு. அதனால்தான் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் அடுத்தவருக்கும் வருகிறது. பழியை மட்டும் நண்டின் மேல் போடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் காலையில் 'கேஸ் மாத்திரை' போடுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அது. அமிலம் குறைந்தால் வாசல் காவலும் குறையும், குடல் தொற்றுக்கு வாய்ப்புக் கூடும். டாக்டர் சொல்லிப் போட்டால் சரி. கல்யாண விருந்துக்குப் போவதால் போட்டு, அப்படியே பழக்கமாகிவிட்டதென்றால் யோசிக்க வேண்டும்.

அடுத்தது கேம்பிலோபாக்டர். சரியாக வேகாத கோழி, காய்ச்சாத பால் வழியாக வருவது. டைபாய்டு வகையைச் சேராத சால்மொனெல்லா முட்டை, இறைச்சி வழியாக வருவது. இவை இரண்டும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை உண்டு. ஷிகெல்லாவின் ஒரு வகை சுரக்கும் அதே நச்சைச் சுரக்கும். ரத்தம் நிறையப் போகும், ஆனால் காய்ச்சல் அவ்வளவாக இருக்காது. அந்த நச்சு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. இந்த ஈ.கோலை என்று சந்தேகம் இருந்தால் டாக்டர்கள் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தயங்குவார்கள், நச்சு இன்னும் கூடிவிடலாம் என்பதால். ரத்தம் போனதும் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கடற்கரைக்கு நெருக்கமான ஒருவரையும் சொல்ல வேண்டும், சிறுகுடலைத்தான் அதிகம் தாக்குவார் என்றாலும். பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், காலராக் கிருமிக்கு உறவுக்காரர். மனித மலத்திலிருந்து வருவதில்லை. வெதுவெதுப்பான கடல் நீரிலேயே வாழும். மீன், இறால், நண்டு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். 1950ல் ஜப்பானின் ஒசாகாவில் லேசாக உலர்த்திய பொடிமீனைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. தோதான சூடு கிடைத்தால் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். வெயிலில் ஐஸ் இல்லாமல் கூடையில் கிடக்கும் சூடை மீனை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கொதித்த குழம்பில் இது செத்துவிடும். மீன் ஆய்ந்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே பச்சை வெங்காயம் அரிந்தால்தான் வினை.

அமீபா? அது பாக்டீரியாவே இல்லை, வேறு வகை ஒற்றைச் செல் உயிர். அதுவும் பெருங்குடலைப் புண்ணாக்கி ரத்தமும் சீதமும் வர வைக்கும். ஆனால் மெதுவாக, பல நாள், சில வாரம் இழுக்கும், காய்ச்சல் குறைவு. 'எனக்கு அமீபா இருக்கு' என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு நோய் தரும் அமீபா இருக்க வாய்ப்பில்லை. நுண்ணோக்கியில் அச்சு அசலாக அதே மாதிரித் தெரியும் இன்னொரு அமீபா, எந்தத் தொல்லையும் தராதது, குடலில் சும்மா இருக்கும். ஒரு பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு காலமெல்லாம் மருந்து சாப்பிடக் கூடாது.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்

பாதி நோயறிதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். எத்தனை நாள், எத்தனை தடவை, ரத்தமா, காய்ச்சலா, என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியை நோயாளிகள் அலட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். பல்லுக்குப் போட்ட மாத்திரைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சாதாரணத் தண்ணீர்ப் போக்குக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். ரத்தம், கடும் காய்ச்சல், நாள்பட்ட போக்கு, பலவீனமான உடம்பு என்றால்தான் மலப் பரிசோதனை. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு, வெள்ளையணு, அமீபா இருக்கிறதா என்று தெரியும். எந்தப் பாக்டீரியா என்று தெரிய வேண்டுமானால் கல்ச்சர் செய்ய வேண்டும். மலத்தின் ஒரு துளியைச் சத்துள்ள தட்டில் தடவி, கிருமியை வளர்த்து, பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பதுதான் கல்ச்சர். இரண்டு மூன்று நாளாகும். விதைத்தால் முளைக்க நாள் வேண்டாமா?

இதில் நோயாளி செய்யும் தவறுகள்தான் அதிகம். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் மலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கிருமி பாதி செத்திருக்கும், தட்டில் ஒன்றும் முளைக்காது. மருந்துக்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் கலக்காமல், லேபில் கொடுத்த மூடியுள்ள டப்பாவில், சீதமும் ரத்தமும் உள்ள பகுதியையே எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். காலையில் எடுத்து, பஸ் பிடித்து, மத்தியானம் ராமநாதபுரம் போய்க் கொடுத்தால் பயனில்லை. லேபுக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுப்பது உத்தமம்.

சிலருக்கு உப்புச் சத்து, சிறுநீரகம் பார்க்க ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தேவையில்லை. வாரக்கணக்கில் நிற்காமல் போகிறது, எடை குறைகிறது, சாயங்காலமானால் காய்ச்சல் என்றால் அப்போது தேவைப்படலாம். குடலிலும் காசநோய் வரும். அதுவும் பாக்டீரியாதான், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் அதற்குப் பிடித்த இடம். அதற்குச் சிகிச்சை ஆறு மாதம், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். நாலு நாள் மாத்திரையில் தீர்கிற சமாசாரம் இல்லை.

சிகிச்சை: முதலில் தண்ணீர், பிறகு மற்றது

எந்தக் கிருமியாக இருந்தாலும் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் கலந்த பொடி. தண்ணீர் குடித்தால் போதாதா என்று கேட்பார்கள். குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும். பேதியின்போது மற்ற கதவுகள் பழுதானாலும் இந்தக் கதவு பெரும்பாலும் வேலை செய்கிறது. 1971ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற வங்காள மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2023ல் மறைவுக்குப் பின் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். என் கடையில் விற்கும் சரக்கிலேயே நான் மரியாதையோடு எடுத்துக் கொடுப்பது இந்தப் பாக்கெட்டைத்தான்.

பாக்கெட்டில் ஒரு லிட்டரா, 200 மில்லியா என்று போட்டிருக்கும். அதன்படி கலக்க வேண்டும். ஒரு லிட்டர்ப் பொடியை ஒரு டம்ளரில் போட்டுக் குடித்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர், மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். அட்டைப் பெட்டியில் இனிப்பாக வந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் போட்டுக்கொண்டு விற்றன. அப்படிப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமான பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். இளநீர், மோர், கஞ்சி எல்லாம் லேசான போக்குக்குத் துணை. பட்டினி போட வேண்டாம்.

இனி, அக்கா கேட்ட 'நிக்கிற மாத்திரை'. லோபரமைடு என்பது அதன் மருந்துப் பெயர். கிருமியை ஒன்றும் செய்யாது, குடலின் அசைவை மட்டும் மெதுவாக்கும். ரத்தமில்லாத, காய்ச்சலில்லாத தண்ணீர்ப் போக்கில், பஸ்ஸில் போக வேண்டிய பெரியவருக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம். கரை உடைந்தவருக்குக் கொடுத்தால் கிருமியையும் நச்சையும் உள்ளே பூட்டி வைத்த மாதிரி. சிலருக்குப் பெருங்குடல் செயலிழந்து வயிறு பானையாக உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் இந்த மாத்திரையை நான் கொடுப்பதில்லை. இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்து. வைரஸால் வரும் போக்குக்கு அது எதுவும் செய்யாது. சால்மொனெல்லாவில் ஆரோக்கியமான ஆளுக்குக் கொடுத்தால் நோய் சீக்கிரம் போகாது, கிருமி மலத்தில் வெளியேறும் நாட்கள் கூடவும் கூடும். ஷிகெல்லாவால் ரத்தமும் காய்ச்சலும் இருந்தால் உண்மையிலேயே பலன் உண்டு: நோய் சுருங்கும், பரவுவது குறையும். டாக்டர் பெரும்பாலும் அசித்ரோமைசின் போன்ற ஒன்றை எழுதுவார். முன்பெல்லாம் சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் கண்கண்ட மருந்து. இப்போது நம் நாட்டு ஷிகெல்லாவில் பெரும்பகுதி அதற்கு மசிவதில்லை. அந்த வகை மருந்துக்கு அடங்காத ஷிகெல்லாவை 2024ல் உலகச் சுகாதார நிறுவனம் மிகவும் கவலைக்குரிய கிருமிகள் பட்டியலில் ஒரு வரிசை மேலே ஏற்றியது. சீட்டில்லாமல் நாலு நாலாக வெட்டி விற்ற மாத்திரைகளுக்கு இதில் பங்குண்டு. என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று என இரண்டு மருந்தை ஒன்றாக அடித்த மாத்திரையை வாங்கிப் போடுவதும் இப்படித்தான். எது தாக்கியதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் கம்பு சுற்றுவது.

யார் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? மலத்தில் ரத்தம், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விடாத வயிற்று வலி அல்லது வயிறு உப்புதல், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மூன்று நாளாகியும் குறையவில்லை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை அல்லது சிறுநீரக நோயுள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

துறை காலியானால் வந்து கட்டும் படகு

படகுத்துறை உவமை ஞாபகம் இருக்கிறதா? ஆன்டிபயாடிக் ஒரு புயல். கெட்ட படகை மட்டும் பார்த்து அடிக்காது, ஊர்ப் படகுகளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். துறை காலி. அப்போது வந்து கட்டும் படகின் பெயர் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், டாக்டர்கள் சுருக்கமாக சி.டிஃப் என்பார்கள். பல்லுக்கோ நெஞ்சுச் சளிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்கு, அது நடக்கும்போதோ முடிந்த சில வாரங்களிலோ, தினம் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுத்திருந்த வயதானவர்களுக்கு அதிகம் வரும்.

இந்தக் கிருமி வித்தாக மாறும். வித்து என்பது கெட்டியான ஓட்டுக்குள் கிருமி உறங்கும் நிலை. கைக்குத் தடவும் சானிடைசர் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். சிகிச்சையும் விநோதம்: முடிந்தால் முதலில் பழைய ஆன்டிபயாடிக்கை நிறுத்துவார்கள், பிறகு வேறொரு ஆன்டிபயாடிக், பெரும்பாலும் வான்கோமைசின், வாய்வழியாகக் கொடுப்பார்கள். ஊசியாகப் போட்டால் பெருங்குடலுக்குள் போதிய அளவு போய்ச் சேராது என்பதால் இதற்கு மட்டும் வாய்வழி. நோய் நீங்கிய பிறகு மறுபடி வருவதும் உண்டு.

'நல்ல தண்ணி' என்ற சொல்

இனித் தடுப்பு. இங்கே நம் மொழியே நம்மை ஏமாற்றுகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் 'நல்ல தண்ணி' என்றால் உப்புக் கரிக்காத தண்ணீர், அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் ஒரு தீவுக்கே நல்லதண்ணித் தீவு என்று பெயர். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தூரம் போய் எடுத்துவரும் ஊரில், நாக்குதான் பரிசோதனைக்கூடம். ஆனால் நாக்கால் உப்பைத்தான் கண்டுபிடிக்க முடியும், ஷிகெல்லாவை முடியாது.

கடற்கரை மணலில் தோண்டும் ஊற்றைப் பாருங்கள். மழைநீர் உவர்நீரைவிட லேசு என்பதால் அதன் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. இரண்டு மூன்று முழம் தோண்டினால் இனிப்பான தண்ணீர். இவ்வளவு மேலாக இருப்பதால் மேலிருந்து இறங்கும் அழுக்கும் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கழிப்பறைக் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மணல் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் பத்தடி பக்கத்தில் குழி வெட்டிய வீடுகள் உண்டு.

கேன் தண்ணீரிலும் இதே ஏமாற்று உண்டு. உப்பை எடுக்கும் இயந்திரம் சரியாக இருந்தால் கிருமியையும் எடுத்துவிடும், உண்மை. கூடவே குளோரினும் போய்விடும். அதன் பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை. கழுவாத கேன், கை விட்டு மொள்ளும் பாத்திரம், எதிலிருந்து கிருமி விழுந்தாலும் அது வளரத் தடையில்லை. குழாயில் வரும் காவிரிக் குடிநீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்கிறோம். அந்த வாடைதான் காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு.

படிகாரம், தேத்தாங்கொட்டை பற்றி எப்போதும் கேட்பார்கள். கலங்கலைத் தெளியவைக்கும், அது நல்லதுதான், ஆனால் தெளிந்த தண்ணீரும் காய்ச்சப்பட வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இங்கே பேசிய பாக்டீரியாக்கள் செத்துவிடும் (சி.டிஃப் வித்து விதிவிலக்கு, ஆனால் அது பெரும்பாலும் தண்ணீரில் வரும் சங்கதி இல்லை). காய்ச்ச முடியாதபோது குளோரின் மாத்திரை: பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். போட்டவுடன் குடித்தால் காசு தண்டம்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. உறைந்தால் கிருமி சாகும் என்பது தவறு, பெரும்பாலும் தூங்கும், உருகியதும் விழிக்கும். படகில் மீனுக்குப் போட உடைக்கும் ஐஸ் குடிநீரில் செய்ததுதான் என்று நம்ப முடியாது. அந்தக் கட்டியில் ஒரு துண்டு வழி தவறி நன்னாரி சர்பத்துக்குள் விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மற்றபடி கை. மலம் கழித்த பின்னும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டு இருபது நொடி. பத்துக் கிருமியே போதும் என்ற ஷிகெல்லாவுக்கு எதிராக இதைவிடப் பெரிய ஆயுதம் நம்மிடம் கிடையாது. கடைகளில் போட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இன்னும் வரவில்லை.

அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு ரத்தம் போயிருந்தது. மாத்திரை கொடுக்காமல் இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிட்டு மூன்றாம் நாள் கடுப்பு நின்றது. அன்று சாயங்காலமே அண்ணன் கடைக்கு வந்தார். மறுநாள் காலை கடலுக்குப் போக வேண்டுமாம். போகலாமா என்று கேட்டார். படகில் என்ன வேலை என்று கேட்டேன்.

"வலையும் இழுப்பேன். சமையலும் நாந்தேன்."

போக்கு நின்று 48 மணி நேரமாவது ஆகாமல் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கிருமி மலத்தில் போய்க்கொண்டிருக்கலாம் என்று விளக்கினேன். அதோடு, படகில் எல்லோரும் மொள்ளுகிற தண்ணீர் கேனுக்குள் கை விட வேண்டாம், குழாய் வைத்த கேனாகப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இந்தத் தடவை டிரைவரையே உலை வைக்கச் சொல்லிருவோம். அவரு வச்ச குழம்பத் திங்கிறதுக்கு எனக்கு வந்தது பரவாயில்லண்டு சொல்லுவாய்ங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு சோப்புக்கட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.